பத்தாயத்துப் பூனையும் பாக்கெட் தீனியும்

போன பொங்கலுக்குப் பேத்தி வந்தாள். கூடவே கூடை ஒன்றில் ஒரு பூனை. பெங்களூரில் அவளுக்கு ஆறு மாதப் பயிற்சி. தங்கும் விடுதியில் பூனைக்கு இடமில்லையாம். "ஆறே மாசம் தாத்தா" என்று சொல்லி, பூனையையும் ஒரு மூட்டைத் தீனியையும் எங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டாள். பூனையின் பெயர் மோமோ. என் மனைவி இன்றுவரை அதை "மாமா" என்றுதான் கூப்பிடுகிறாள். அதுவும் வருகிறது.

இருபது நாளில் தீனி தீர்ந்தது. தஞ்சாவூரில் கடைக்குப் போனேன். அலமாரி நிறைய வண்ண வண்ணப் பைகள். கிலோ இருநூற்றுச் சொச்சத்தில் தொடங்கி எழுநூறு, எண்ணூறு வரை போகிறது. "எது தம்பி நல்லது?" என்று கேட்டேன். "விலை கூடுனது எல்லாமே நல்லதுதான் சார்" என்றார் கடைக்காரத் தம்பி.

இந்தப் பதிலைக் கேட்டால் என் போன்ற ஆளுக்குக் கை அரிக்கும். முப்பத்தொரு வருடம் நெல்லின் தரம் பார்த்துச் சம்பளம் வாங்கியவன் நான். குத்தூசியை மூட்டையில் செருகி, உள்ளங்கையில் கொட்டி, கருக்காய் எவ்வளவு, பதர் எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று சொல்வதுதான் என் பிழைப்பு. விலையைக் கேட்டுத் தரம் சொல்வதென்றால் என்னை எதற்கு வேலைக்கு வைத்தார்கள்? இரண்டு பைகளை வாங்கி வந்தேன். ஒன்று மலிவு, ஒன்று நடுத்தரம். முறத்தில் தனித்தனியாகக் கொட்டிப் பார்த்தேன். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

முறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அம்மா வளர்த்த செம்பியின் ஞாபகம் வந்தது. இந்தக் கட்டுரையே அதனால்தான்.

பத்தாயம் இருந்த வீடு

எங்கள் ஊர் பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமம். பாபநாசத்தை ஒட்டிய திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று இருக்கிறது. செங்கல்லால் கட்டிய, கூம்பிய கூரை கொண்ட பெரிய வட்டக் கட்டடம். மூவாயிரம் கலம் நெல் கொள்ளும் என்பார்கள். கலம் என்றால் பன்னிரண்டு மரக்கால். சின்ன வயதில் அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்து, இதற்குள் எத்தனை எலி இருந்திருக்கும் என்று யோசித்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் இருந்தது மரப் பத்தாயம். அடுக்கு அடுக்காகக் கழற்றி மாட்டலாம். கீழே ஒரு சின்னக் கதவு, அதற்குப் பூட்டு. நூறு கலம் பிடிக்கும். அந்த உள் அறையில் எப்போதும் நெல் வாசனை, எப்போதும் ஒரு பூனை. பூனையை யாரும் வாங்கி வந்ததில்லை. பத்தாயம் இருக்கிற வீட்டுக்கு எலி வரும், எலி இருக்கிற வீட்டுக்குப் பூனை வரும்.

மனிதனிடம் பூனை வந்து சேர்ந்த கதையே இதுதான் என்று ஆராய்ச்சிக்காரர்களும் சொல்கிறார்கள். சுமார் பத்தாயிரம் வருடங்களுக்கு முன் மேற்காசியாவில் மனிதன் தானியத்தைச் சேர்த்துவைக்கத் தொடங்கினான். தானியத்துக்கு எலி வந்தது, எலியைத் தேடிக் காட்டுப்பூனை வந்தது, அப்படியே தங்கிவிட்டது. சைப்ரஸ் தீவில் ஒரு மனிதனின் புதைகுழிக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையைப் புதைத்திருப்பதைக் கண்டெடுத்திருக்கிறார்கள். அது 9,500 வருடப் பழசு. நாய் மாதிரி பூனையை நாம் பழக்கவில்லை. நம் களஞ்சியத்தைப் பார்த்து அதுவே வேலைக்குச் சேர்ந்துகொண்டது.

வேலைக்குச் சம்பளம் எலி. இதை நம் முன்னோர் நன்றாகவே அறிந்திருந்தார்கள். ஆனால் பூனைக்குச் சாப்பாடு என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது பால்தான். இங்கே பக்கத்தில் தேரழுந்தூரில் பிறந்த கம்பர், இராமாயணத்தின் அவையடக்கத்தில் தன்னைப் பாற்கடலை நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்ட பூனையாகச் சொல்லிக்கொள்கிறார். தெனாலிராமன் கதை எல்லோருக்கும் தெரியும். எலித் தொல்லை தீர வீட்டுக்கு ஒரு பூனை கொடுத்த ராயர், அதற்குப் பால் வார்க்கப் பசுவும் கொடுத்தார். கொதிக்கிற பாலை வைத்து, பால் என்றாலே ஓடும் பூனையை ராமன் உருவாக்கினான். கதையில் ராயருக்கோ ராமனுக்கோ ஒரு சந்தேகம் வரவில்லை: எலி பிடிக்கிற பூனைக்குப் பசு எதற்கு?

செம்பியின் கண்

எங்கள் வீடு சைவம். அம்மா மூன்று வேளையும் பூனைக்குச் சோறு வைப்பாள். காலையில் பழைய சோற்றில் தயிர், மதியம் பருப்பும் நெய்யும், இரவில் பால். பிள்ளைகளுக்கு வைக்கிற அதே பக்குவம். எத்தனையோ பூனைகள் அந்தச் சாப்பாட்டில் கொழுகொழுவென்று இருந்தன. அதனால் அது சரியான சாப்பாடு என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

எழுபதுகளில் பத்தாயம் காலியாகத் தொடங்கியது. இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1960-61இல் தஞ்சை மாவட்டத்தில் 'பேக்கேஜ் திட்டம்' வந்தது. ரசாயன உரம், நல்ல விதை, கடன் எல்லாம் சேர்த்து ஒரே கட்டாகக் கொடுக்கிற திட்டம். அறுபதுகளின் நடுவில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் வந்தது. ஜப்பானிய ரகத்தையும் நம் ஊர் ரகத்தையும் சேர்த்து உண்டாக்கியது. ஒருபோகம் இருந்த இடங்களில் குறுவையும் தாளடியுமாக இரண்டு போகம் வந்தது. ஆனால் குறுவை அறுப்பு மழையில் மாட்டிக்கொண்டது. ஈரநெல்லை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அதற்காகவே 1967இல் திருவாரூர் நவீன அரிசி ஆலையோடு ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். 1972இல் அது தஞ்சாவூருக்கு வந்து நெல் பதனிடும் ஆராய்ச்சி மையம் ஆயிற்று. இன்று புதுக்கோட்டைச் சாலையில் பெரிய தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக நிற்பது அதுதான். அதே 1972இல்தான் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகமும் பிறந்தது. களத்துமேட்டிலேயே நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டுப் பணம் வாங்கும் பழக்கம் வளர்ந்தது.

பத்தாயத்தில் போட நெல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் 14 சதவீதத்துக்கு மேல் போனால் உள்ளே புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். கொள்முதல் நிலையத்தில் 17 வரை வாங்குகிறார்கள்; மழை வருடங்களில் 19, 20 வரையிலும் தளர்வு கொடுத்திருக்கிறார்கள். அப்புறம் யார் காயவைத்துப் பத்தாயத்தில் கொட்டுவார்கள்? எங்கள் வீட்டில் 1983இல் பாகப்பிரிவினை நடந்தது. பத்தாயத்தைப் பலகை பலகையாகக் கழற்றி விற்றோம். அந்த அறையில் பெரிய அண்ணன் கட்டில் போட்டான். எலியும் போய்விட்டது. வயலில் எலி இருந்தது. அங்கே கிட்டி வைப்பவர்கள் இருந்தார்கள். வீட்டுப் பூனைக்கு மட்டும் வேலை போயிற்று.

செம்பி அப்போது இரண்டு வயதுப் பெண் பூனை. செம்பட்டை நிறம். வேலை போனதை அது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்மா வைக்கிற தயிர்சாதத்தைச் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் படுத்திருக்கும். 1986 வாக்கில் ஒருநாள் திண்ணைத் தூணில் முட்டிக்கொண்டது. அப்புறம் அடிக்கடி முட்டிக்கொண்டது. விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் இரண்டு கண்ணும் பெரிய கருப்பு வட்டமாக, மின்னிக்கொண்டு இருக்கும். கிட்டே விரலை ஆட்டினாலும் அசையாது.

கும்பகோணத்தில் ஒரு கால்நடை மருத்துவரிடம் கூடையில் வைத்துக் கொண்டுபோனேன். அம்மாவும் வந்தாள். அவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "பின்னாடி திரை போயிடுச்சு, இனிமே வராது" என்றார். பிறகு கேட்டார்: "மீன், கறி ஏதாவது குடுக்கிறீங்களா?"

"அதெல்லாம் நம்ம வீட்டுல பழக்கமில்லீங்க" என்றாள் அம்மா.

அவர் வேறொன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா கேட்டாள்: "நான் என்னடா தம்பி குறை வெச்சேன் அதுக்கு?" என்னிடம் பதில் இல்லை. செம்பி அப்புறம் ஒன்றரை வருடம் இருந்தது. சுவரை ஒட்டியே நடக்கும். அம்மா கடைசிவரை அதற்கு மடியில் வைத்துத் தயிர்சாதம் ஊட்டினாள்.

பால்புரதம் சாப்பிட்ட பூனைகள்

ஓய்வு பெற்றபின் படிக்க நேரம் கிடைத்தது. அப்போதுதான் எனக்கு இது தெரிந்தது. 1975இல் 'சயன்ஸ்' என்ற அமெரிக்க இதழில் ஹேய்ஸ் என்பவரும் இரண்டு சகாக்களும் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஆய்வுக்கூடத்துப் பூனைகளுக்குப் புரதமாகக் கேசின் கொடுத்து வளர்த்தார்கள். கேசின் என்றால் பாலில் இருக்கும் புரதம். அந்தப் பூனைகளின் விழித்திரை அழிந்தது. காரணம், டாரின் என்ற ஒரு சின்னப் பொருள் பற்றாக்குறை.

நம் உடம்பு தனக்கு வேண்டிய டாரினைத் தானே செய்துகொள்ளும். நாயும் பெரும்பாலும் செய்துகொள்ளும். பூனையால் போதுமான அளவு செய்ய முடியாது. சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். அது இறைச்சியிலும் மீனிலும் இருக்கிறது. இதயத்தில் நிறைய. எலியின் உடம்பில் தாராளம். அரிசியில் இல்லை, பருப்பில் இல்லை, தயிரில் பேருக்குத்தான்.

அதாவது எங்கள் வீட்டுப் பழைய பூனைகளை வளர்த்தது அம்மாவின் தயிர்சாதம் அல்ல. பத்தாயத்து எலி. தயிர்சாதம் மேல்வரும்படி. பத்தாயம் போனபோது சம்பளம் நின்றுபோய், மேல்வரும்படி மட்டும் மிஞ்சியது. செம்பிக்கு அன்று ரத்தப் பரிசோதனை எதுவும் செய்யவில்லை; வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் கணக்கைப் போட்டுப் பார்த்தால் இப்படித்தான் ஒத்துவருகிறது. அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டபோது பதில் அச்சேறிப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. அது எனக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

பிஸ்கட்டிலிருந்து பொரி வரை

காய்ந்த தீனியின் கதை நாயிலிருந்து தொடங்குகிறது. 1860களில் லண்டனில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் கோதுமையும் இறைச்சியும் காய்கறியும் சேர்த்து நாய்க்கு பிஸ்கட் செய்து விற்றார். பிறகு டப்பாவில் அடைத்த இறைச்சி வந்தது. இரண்டாம் உலகப்போரில் தகரத்துக்குத் தட்டுப்பாடு வந்ததும் அமெரிக்கக் கம்பெனிகள் மறுபடி காய்ந்த தீனிக்குத் திரும்பின. 1950களில் காலைச் சிற்றுண்டித் தானியம் செய்கிற எந்திரத்தையே நாய்த் தீனிக்கும் பூட்டினார்கள். ரால்ஸ்டன் பியூரினா கம்பெனியின் நாய்த் தீனி 1957இல் கடைக்கு வந்தது. அறுபதுகளில் பூனைக்கும் வந்தது.

இந்த எந்திரம் நமக்குப் புதிதல்ல. முறுக்குப் பிழிகிற நாழியையும் பொரி பொரிக்கிற சட்டியையும் ஒன்றாகச் சேர்த்தால் இதுதான். இறைச்சித் தூளும் தானிய மாவும் சேர்ந்த பிசைவை நீராவியில் வேகவைத்து, அழுத்தி, துளை வழியாக வெளியே தள்ளுகிறார்கள். வெளியே வந்ததும் அழுத்தம் விட்டுப் பொரிகிறது. வெட்டிக் காயவைத்து, மேலே கொழுப்பும் சுவைச்சாறும் தெளிக்கிறார்கள். பொரிந்து உருண்டையாக நிற்க மாவுச்சத்து கட்டாயம் வேண்டும். அதனால்தான் இறைச்சி தின்னும் பிராணியின் தீனியில் அரிசியும் சோளமும் இருக்கின்றன. பல தீனிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாவுச்சத்துதான்.

தொழிற்சாலைத் தீனி என்றால் எல்லாம் சரியாக இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். 1975க்குப் பிறகும் பன்னிரண்டு வருடம் பூனைகள் இதயம் வீங்கிச் செத்தன. 1987இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பால் பியான் என்ற கால்நடை மருத்துவரும் குழுவினரும் கண்டுபிடித்தார்கள்: பேர் பெற்ற தீனிகளைத் தின்ற பூனைகளுக்கும் டாரின் குறைவு, அதனால்தான் இதயத்தசை தளர்கிறது. டாரின் கொடுத்ததும் பல பூனைகள் தேறின. அதன்பின் கம்பெனிகள் டாரினைக் கூட்டின. அதே டேவிஸில் 2002இல் இன்னொரு முடிவு வெளியானது. தீனியில் அரிசித் தவிடு சேர்த்தால் பூனையின் ரத்தத்தில் டாரின் குறைகிறது. தவிட்டின் பெருமை பேசி வளர்ந்த டெல்டாக்காரனுக்கு இது கொஞ்சம் சங்கடம்தான். மாட்டுக்கு நல்லது பூனைக்கு நல்லதாக இருக்க வேண்டுமென்று சட்டமில்லை.

நைட்ரஜன் சொல்லும் பொய்

பையின் பின்புறம் 'கச்சாப் புரதம்' இத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும். அதை நம்பலாமா? அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

புரதத்தை நேராக அளப்பது கஷ்டம். 1883இல் டென்மார்க்கில் கார்ல்ஸ்பெர்க் மதுவடி ஆலையின் ஆய்வுக்கூடத்தில் யோஹான் கெல்டால் ஒரு வழி கண்டார். பொருளை அமிலத்தில் வேகவைத்து நைட்ரஜனை அளந்துவிடலாம்; அதை 6.25ஆல் பெருக்கினால் புரதம். அரிசிக்கு மட்டும் 5.95 என்று வைத்துக்கொள்வது வழக்கம். நூற்று நாற்பது வருடமாக உலகம் இதைத்தான் செய்கிறது.

இதில் ஓட்டை எங்கே என்று எங்கள் தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரியும். நைட்ரஜன் எங்கிருந்து வந்தாலும் கணக்கில் புரதம்தான். தீவனத்தில் யூரியாவைக் கலந்தால் புரதம் கூடினதாகக் காட்டும். மாட்டின் இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்கள் கொஞ்சம் யூரியாவைப் பயன்படுத்திக்கொள்ளும். பூனைக்கு அந்த வசதி இல்லை.

2007 மார்ச்சில் வட அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் பழுதாகிச் சாகத் தொடங்கின. ஒரே கனடாக் கம்பெனி ஆறு கோடிக்கும் மேற்பட்ட டப்பாக்களையும் பொட்டலங்களையும் திரும்பப் பெற்றது. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமின் கலந்திருந்தார்கள். பிளாஸ்டிக் தட்டு செய்கிற பொருள். அதில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். பரிசோதனையில் அது அருமையான புரதமாகத் தெரிந்தது. அடுத்த வருடமே அதே மெலமின் சீனாவில் குழந்தைகளின் பால்பொடியில் அகப்பட்டது. பூனைக்கு நடந்ததை ஒழுங்காக விசாரித்திருந்தால் குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கலாமோ என்று எனக்குத் தோன்றும்.

முறத்தில் நான் பார்த்தது

இனி என் பரிசோதனைக்கு வருகிறேன். நெல்லுக்கு நான் செய்த அதே வரிசைதான்.

முதலில் ஈரம். நெல்லில் ஈரம் என்றால் தண்ணீருக்கு விலை கொடுக்கிறோம் என்று அர்த்தம். 22 சதவீத ஈரமுள்ள நூறு கிலோ நெல்லில் காய்ந்த சரக்கு 78 கிலோ. அதையே 17க்குக் காயவைத்தால் எடை 94 கிலோ. ஆறு கிலோ தண்ணீர். பூனைத் தீனியிலும் இதே கணக்கு. காய்ந்த தீனியில் ஈரம் 10 சதவீதம், புரதம் 30. ஈரப் பொட்டலத்தில் ஈரம் 80, புரதம் 8. பார்த்தால் காய்ந்ததுதான் உசத்தி மாதிரி இருக்கும். தண்ணீரைக் கழித்துப் பாருங்கள். முதலாவது 90க்கு 30, அதாவது 33 சதவீதம். இரண்டாவது 20க்கு 8, அதாவது 40 சதவீதம். ஈரத்தைக் கழிக்காமல் இரண்டு சரக்கை ஒப்பிடக் கூடாது. இது எங்கள் தொழிலின் முதல் பாடம்.

இரண்டாவது, பையில் எழுதாத கணக்கு. புரதம், கொழுப்பு, நார், சாம்பல், ஈரம் ஐந்தையும் கூட்டி நூறிலிருந்து கழியுங்கள். மிஞ்சுவது மாவுச்சத்து. சாம்பல் போடாவிட்டால் ஏழெட்டு என்று வைத்துக்கொள்ளலாம். நான் வாங்கிய மலிவுப் பையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. நொய்க்கு நான் கொடுக்கத் தயாராக இருக்கும் விலை வேறு.

மூன்றாவது, சேர்மானப் பட்டியல். எது எடையில் அதிகமோ அது முதலில் வரும். இதில் இரண்டு சூட்சுமம். பச்சைக் கோழி என்று முதலில் போட்டிருந்தால் அதில் எழுபது சதவீதம் தண்ணீர். காய்ந்தபின் அது பட்டியலில் கீழே இறங்கிவிடும். பச்சை நெத்திலிக்கும் நெத்திலிக் கருவாட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான். கோழித் தூள் என்று போட்டிருந்தால் அது ஏற்கெனவே காய்ந்தது. இன்னொன்று, சோளம், சோளப் புரதம், அரிசி, அரிசித் தவிடு, கோதுமை என்று தானியத்தை நாலைந்து பெயராகப் பிரித்துப் போடுவது. தனித்தனியே ஒவ்வொன்றும் கோழியைவிடக் குறைவு. சேர்த்துக் கூட்டினால் கோழியைப் போல இரண்டு மடங்கு.

நான்காவது, டாரின் என்ற சொல் பட்டியலில் இருக்கிறதா. அமெரிக்கத் தீவன அதிகாரிகள் சங்கம் வைத்திருக்கும் அளவு, ஈரம் கழித்த கணக்கில், வளர்ந்த பூனைக்குப் புரதம் குறைந்தது 26 சதவீதம், குட்டிக்கு 30, கொழுப்பு 9. டாரின் காய்ந்த தீனியில் 0.1 சதவீதம், டப்பாவில் 0.2. 'முழுமையான, சமச்சீரான உணவு' என்று எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது தின்பண்டம்தான், சாப்பாடு அல்ல.

ஐந்தாவது, மூக்கு. பூனை பாய்ந்து தின்கிறது என்பது தரத்துக்குச் சாட்சி அல்ல. மேலே தெளித்த சாறுதான் அதை இழுக்கிறது. வடை வாசனையைப் பார்த்து மாவின் தரம் சொல்ல முடியாத மாதிரி. ஆனால் எண்ணெய் சிக்குப் பிடித்த வாடை வந்தால் தூக்கிப் போடுங்கள். திறந்த சாக்கிலிருந்து நிறுத்துக் கொடுப்பதை வாங்காதீர்கள். நம் ஊர் ஐப்பசி கார்த்திகை ஈரக்காற்றில் தீனி ஈரம் இழுக்கும், பூஞ்சை வரும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்ததும் பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கால்தான். அஃப்ளாடாக்சின் என்ற பெயரே அப்போதுதான் வந்தது. சின்னப் பையாக வாங்கி, மூடியுள்ள டப்பாவில் வைத்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

கடைசியில் விலை. கிலோ விலையைப் பார்க்காதீர்கள். ஒரு நாள் விலையைப் பாருங்கள். கிலோ 300 ரூபாய்த் தீனி தினம் 70 கிராம் வேண்டுமென்றால் நாளுக்கு 21 ரூபாய். கிலோ 400 ரூபாய்த் தீனி 50 கிராம் போதுமென்றால் 20 ரூபாய். எவ்வளவு வைக்க வேண்டும் என்று பையிலேயே அட்டவணை இருக்கும். ஆனால் மேலே சொன்ன ஐந்தும் ஒத்தால் அதற்கு மேல் கொடுக்கிற பணம் பெரும்பாலும் பைக்கும் படத்துக்கும்தான். எண்ணூறு ரூபாய்த் தீனியின் பட்டியலையும் கடையில் நின்றே படித்தேன். நடுத்தரத்தைவிட அது கொஞ்சம் நல்லது. இரண்டு மடங்கு நல்லதல்ல.

ஒரு கிண்ணம் தண்ணீர்

ஒன்று பாக்கி இருக்கிறது. பூனையின் மூதாதை பாலைவனத்து ஜீவன். தாகம் தெரியாது, எலியின் உடம்பில் இருக்கும் தண்ணீரே அதற்குப் போதும். பத்து சதவீத ஈரத் தீனியை மட்டும் தின்றால் தண்ணீர் பற்றாது. ஆண் பூனைக்கு மூத்திரம் அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். மோமோ ஆண். அதனால் வீட்டில் மூன்று இடத்தில் தண்ணீர்க் கிண்ணம். காலையில் நடுத்தரத் தீனி, மாலையில் ஒரு ஈரப் பொட்டலம். "நம்ம வீட்டுக்குள்ள மீனா?" என்று மனைவி முதலில் முகம் சுளித்தாள். செம்பியின் கதையைச் சொன்னேன். அவளும் கல்யாணமான புதிதில் அந்தத் தூணையும் செம்பியையும் பார்த்தவள். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் பொட்டலத்தை வெட்ட என்று தனியாக ஒரு பழைய கத்தரிக்கோலை எடுத்துக் கொல்லைப்புற மாடத்தில் வைத்திருந்தாள்.

பேத்தியிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். "தாத்தா, நெல்லு மாதிரியே பாத்துட்டீங்களே" என்று சிரித்தாள். ஆறு மாதம் ஏழாகிவிட்டது. அவள் இன்னும் பூனையைக் கேட்கவில்லை. நாங்களும் ஞாபகப்படுத்தவில்லை.

அம்மா போய்ப் பத்தொன்பது வருடம் ஆகிறது. பஸ்ஸில் அவள் கேட்ட கேள்விக்கு இப்போது என்னால் பதில் சொல்ல முடியும். நீ ஒரு குறையும் வைக்கவில்லை அம்மா. பத்தாயத்தை விற்றபோது பூனையின் பங்கையும் சேர்த்து விற்றுவிட்டோம் என்று நமக்குத் தெரியவில்லை.